கட்டற்ற மென்பொருளும் மலையகத் தமிழ்ச் சூழலும்: பன்விலவை முன்னிறுத்திய ஓர் ஒப்பீடு

தோற்றுவாய்

கண்டி மாநகரிலிருந்து வத்தேகம வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் பாதையில் அமைந்துள்ளது பன்வில. மடுல்கலை, ஹுலுகங்கை முதலிய இடங்களை உள்ளடக்கிய இப்பகுதி முதலிற் கோப்பியாலும் பின்னர்த் தேயிலையாலும் உருப்பெற்றதாகும். இங்கு வாழும் தமிழருட் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் பரம்பரையினர். அவர்களின் வாழ்வை ஒன்றரை நூற்றாண்டாக நிர்ணயித்து வந்த கருவிகளுள் இரண்டு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. ஒன்று கொழுந்து நிறுக்கும் தராசு. மற்றையது 'செக்ரோல்' எனப்படும் வேலைப் பதிவேடு. பறித்த கொழுந்தின் நிறையைத் தொழிலாளி கேட்டறிவாள். அந்நிறையில் எவ்வளவு, எக்காரணத்தாற் கழிக்கப்பட்டது என்பதை அவள் அறிவதில்லை. முழுப்பேர் விழுந்ததா அரைப்பேர் விழுந்ததா என்பது அவளுக்குத் தெரியவரும். அதனைத் தீர்மானித்த ஏடோ அலுவலகத்தில், அவள் வாசிக்காத மொழியில் இருக்கும். விடை தெரியும், கணக்கின் வழி தெரியாது என்பதே அந்நிலைமையின் சாரமாகும்.

இன்று பாடசாலை, நூலகம், வைத்தியசாலை, பிரதேச செயலகம் ஆகிய அனைத்திலும் ஏட்டின் இடத்தைக் கணினி பெற்று வருகின்றது. கணினியை இயக்குவது மென்பொருள். அம்மென்பொருளின் உள்வழி யாருக்குத் தெரியும், அதனை மாற்றும் உரிமை யாரிடம் உள்ளது என்ற வினாக்கள் எனவே வெறும் தொழில்நுட்ப வினாக்கள் அல்ல. கட்டற்ற, திறந்த மூல மென்பொருள்களை அவை ஆற்றும் பணிகளின் அடிப்படையில் ஒப்பிட்டு, பன்வில போன்றதொரு மலையகத் தமிழ்ச் சூழலுக்கு அவை எவ்வளவிற் பயன்படும், எங்கே குறைபடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலவசமும் கட்டின்மையும்

முதற்கண் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். விலையின்றிக் கிடைப்பதெல்லாம் கட்டற்ற மென்பொருள் ஆகாது. 1983 ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்கரான றிச்சட் ஸ்டோல்மன் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985 இற் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். அவ்வியக்கம் வரையறுத்த உரிமைகள் நான்கு: மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்குதல், அதன் மூல நிரலைக் கற்று மாற்றுதல், படியெடுத்துப் பிறருக்கு வழங்குதல், மாற்றிய வடிவத்தையும் வழங்குதல். மூல நிரல் என்பது நிரலாக்குநர் எழுதிய, மனிதர் வாசிக்கத்தக்க வடிவமாகும். வணிக மென்பொருளிற் பெரும்பாலும் பொறி மட்டுமே வாசிக்கத்தக்க வடிவமே நமக்குக் கிட்டுகின்றது. மேற்காட்டிய தராசின் உவமை இவ்விடத்திற் பொருந்தும்.

1989 இல் வெளிவந்த குனூ பொது மக்கள் உரிமம் இவ்வுரிமைகளுக்குச் சட்ட வடிவம் தந்தது. 1991 இற் பின்லாந்து மாணவராயிருந்த லினஸ் டோவால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரல் அடுத்த ஆண்டு அவ்வுரிமத்தின்கீழ் வந்தது. 'திறந்த மூலம்' என்ற தொடர் 1998 இற் புனையப்பட்டது. முன்னைய பெயர் உரிமையை அழுத்துவது. பின்னையது உற்பத்தி முறையின் பயன்களை அழுத்தி வணிக உலகுக்கு ஏற்புடையதாக அமைந்தது. நடைமுறையில் இருபெயரும் பெரும்பாலும் ஒரே மென்பொருள்களையே குறிப்பினும், நோக்கின் வேறுபாட்டை மறத்தலாகாது.

ஒப்பீட்டின் அளவுகோல்கள்

எது சிறந்த மென்பொருள் என்று பொதுப்பட வினவுவது பயனற்றது. எப்பணிக்கு, யார் கையில், எந்த மொழியில் என்று வினவுதலே தகும். நாம் நான்கு அளவுகோல்களைக் கொள்வோம். ஒன்று, உரிமம். இரண்டு, தமிழ்: இடைமுகம் தமிழில் உள்ளதா என்பதோடு, தமிழ் எழுத்து பிழையின்றி உள்ளீடாகி வெளிப்படுகின்றதா என்பதும் இதில் அடங்கும். மூன்று, வசதி குறைந்த சூழலில், அதாவது பழைய பொறியிலும் இணைய இணைப்பு நலிந்த இடத்திலும், இயங்கும் ஆற்றல். நான்கு, பராமரிப்பு: பழுதுற்றாற் சீர்செய்ய அயலில் ஆளுண்டா என்பது.

பொறியும் இயக்க முறைமையும்

வின்டோஸ் 10 இயக்க முறைமைக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்தியது. அடுத்த பதிப்பான வின்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லையும் புதிய செயலியையும் வேண்டுவது. இதன் விளைவாக, உலகெங்கும் நல்ல நிலையில் இயங்கும் கணினிகள் பல, பொறியியற் காரணம் எதுவுமின்றியே பழம்பொருளாயின. நன்கொடையாகப் பெற்ற பழைய கணினிகளை நம்பியிருக்கும் பாடசாலைகளுக்கு இது சிறிய செய்தியன்று. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் மீளச் செலுத்தலை இடைநிறுத்திய காலத்தில், ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 350 ரூபாவைக் கடந்ததை நாம் அறிவோம். டொலரில் விலை குறிக்கப்படும் உரிமங்களின் சுமையும் அதற்கேற்ப ஏறிற்று.

இவ்விடத்தில் லினக்ஸ் வழங்கல்களின் பயன் தெளிவு. டெபியன், லினக்ஸ் மின்ட், லுபுண்டு முதலியவற்றுள் முதலாவது உறுதிக்கும், இரண்டாவது வின்டோஸ் பழகியோர்க்கு எளிமைக்கும், மூன்றாவது நினைவகம் குறைந்த பொறிகளுக்கும் ஏற்றன. எனினும் கட்டற்ற உலகும் பழைய பொறிகளை என்றென்றும் சுமப்பதில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டது. வேறுபாடு யாதெனின், இங்கு கைவிடப்பட்டதை வேறொரு குழு தொடர்ந்து பேணுவதற்கு உரிமத் தடை எதுவும் இல்லை.

இலங்கையரின் முயற்சியும் இத்துறையில் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பின்னணியில் எழும் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கிய ஹந்தானை லினக்ஸ், பெடோரா வழங்கலை அடிப்படையாகக் கொண்டு நம் நாட்டுப் பயனர்க்கென உருவாக்கப்பட்டது. உள்நாட்டு வழங்கல் ஒன்றை ஆக்குதல் இயலும் என்பதை அது காட்டியது. அத்தகைய வழங்கலைச் சிலரின் ஓய்வுநேர உழைப்பால் மட்டும் நெடுங்காலம் நிலைநிறுத்துதல் எவ்வளவு கடினம் என்பதும் உடனெண்ணத் தக்கது.

தமிழ் எழுத்தும் அச்சும்

தமிழ்ச் சூழலில் முதன்மையான பணி எழுதுதலாகும். இலங்கையில் நீண்ட காலம் ஆட்சி செய்தது 'பாமினி' எழுத்துரு. ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியிடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி அமைக்கப்பட்ட அதனில் எழுதியவை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கிலக் கோவையாகவே தோன்றும். அவற்றிற் சொற்களைத் தேடவும் இயலாது. 1991 இன் யூனிகோடு முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்தும், நமது அச்சகங்களும் அலுவலகங்களும் அதற்கு மாறப் பல்லாண்டுகள் சென்றன. 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் இலங்கைத் தரம் யூனிகோடு அடிப்படையிலான தமிழ்க் குறியீட்டையும் ரெங்கநாதன் விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது. லினக்சில் இயங்கும் எம்.17.என். உள்ளீட்டுத் தொகுதியில் ரெங்கநாதன் அமைப்பும், தமிழ்நாட்டில் 1999 இல் தரப்படுத்தப்பட்ட தமிழ் 99 அமைப்பும் அடங்கியுள்ளன. லோஹித், நோட்டோ ஆகிய தமிழ் எழுத்துருக்களும் தடையின்றிப் பயன்படுத்தவும் பகிரவும் மாற்றவும் கிடைக்கின்றன.

ஆவணங்களை எழுதுதற்கு லிப்ரே ஒபிஸ் போதுமானது. அதன் வரலாறே ஒரு பாடமாகும். சன் நிறுவனம் 2000 ஆம் ஆண்டிற் 'ஓப்பின் ஒபிஸ்' என்ற பெயரில் மூல நிரலைத் திறந்துவிட்டது. 2010 இன் தொடக்கத்தில் அந்நிறுவனத்தை ஒரக்கிள் விலைக்கு வாங்கியது. திட்டத்தின் எதிர்காலம் குறித்து ஐயுற்ற நிரலாக்குநர் அதே ஆண்டு செப்டெம்பரில் மூல நிரலை எடுத்துக்கொண்டு பிரிந்து லிப்ரே ஒபிசைத் தொடங்கினர். முதலாளி மாறியபோதும் கருவி கைவிட்டுப் போகாமைக்குக் காரணம் உரிமமேயாகும்.

குறைகளையும் மறைத்தலாகாது. தமிழ் ஒட்டுநிலை மொழியாதலின், வேற்றுமையுருபும் துணைவினையும் இடைச்சொல்லும் ஏறி ஒரு வேர்ச்சொல் எண்ணிறந்த வடிவங்களை எடுக்கும். சொற்பட்டியலை மட்டும் நம்பிய எழுத்துப்பிழை திருத்திகள் ஆங்கிலத்திற்குச் செய்யும் உதவியைத் தமிழுக்குச் செய்வதில்லை. நூற்பக்க வடிவமைப்பில் நிலைமை இன்னும் தெளிவானது. ஸ்கிரைபஸ் என்னும் மென்பொருளின் 1.4 வரிசை, கொம்பும் காலும் இடம்மாறி அமையும் தமிழ் உயிர்மெய்களைச் செவ்வனே காட்டவில்லை. அரபு, இந்திய எழுத்துமுறைகளுக்கான ஆதரவு 1.5 சோதனை வரிசையிற் சேர்க்கப்பட்டு, 2024 சனவரியில் வெளியான 1.6 நிலைப்பதிப்பிலேயே பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை தமிழ் இதழொன்றை இம்மென்பொருளால் அமைக்க முனைந்தோர் இடர்ப்பட்டிருப்பர். கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் பொறுத்தவரை, டொனால்ட் நூத் 1978 இல் வெளியிட்ட டெக் அச்சுக்கோப்பு முறையின் வழிவந்ததும் 2004 முதல் யூனிகோடு தமிழை ஏற்பதுமான சீ-டெக், கற்பது கடினமாயினும் விளைவிற் சிறந்தது. பழைய அச்சுப் பக்கங்களை எழுத்தாக மாற்றுதற்கு, ஹியூலட் பக்கார்ட் நிறுவனத்தில் உருவாகி 2005 இல் திறந்துவிடப்பட்ட டெசராக்ட் உதவுகின்றது. எனினும் மங்கிய பழந்தாளில் மனிதர் மெய்ப்பு நோக்குதல் தவிர்க்க முடியாததே.

நூலகமும் ஆவணமும்

நான்கு அளவுகோல்களாலும் கட்டற்ற மென்பொருள் மேம்பட்டு நிற்கும் துறை நூலகவியலாகும். நூலகப் பட்டியலுக்கும் இரவலுக்கும் பயன்படும் கோஹா, நியூசிலாந்தின் கிராமியப் பகுதியான ஹோரோவெனுவாவின் பொது நூலகத்திற்காக எழுதப்பட்டு 2000 சனவரியிற் பயன்பாட்டுக்கு வந்தது. இருந்த பழைய முறைமை 2000 ஆம் ஆண்டைத் தாண்டி இயங்காது என்ற நிலையும், கிளை நூலகங்களுக்குத் தொலைபேசி இணைப்பே இருந்தமையும் அதன் வடிவத்தை நிர்ணயித்தன. பெருநகர நிறுவனமொன்றின் தேவைக்கன்றிச் சிறு நூலகமொன்றின் வறுமைக்கென எழுந்த கருவி இன்று இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் இயங்குகின்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எண்ணிம ஆய்வுக் களஞ்சியம் 2002 இல் வெளியான டிஸ்பேஸ் மென்பொருளில் அமைந்தது.

ஈழத்துத் தமிழ் எழுத்தாவணங்களைத் திரட்டி 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளைத் தளமாகக் கொண்டது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதே மென்பொருளிலேயே வளர்ந்தது. உரிமக் கட்டணமொன்றைச் செலுத்த வேண்டியிருந்திருப்பின், அரச ஆதரவோ பெருமூலதனமோ இன்றி இம்முயற்சிகள் தொடங்கியிருத்தல் அரிது. மலையகத்தின் தோட்டப் பாடசாலை மலர்கள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள், கோயில் விழா மலர்கள் ஆகியன கறையானுக்கு இரையாகு முன் இத்தகைய தளங்களை அடைதல் வேண்டும். அதற்கான கருவி இல்லை என்று கூற இனி இடமில்லை.

கற்பித்தலும் இணைப்பும்

2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலம் கல்வித்துறைக் கருவிகளைச் சோதனைக்குள்ளாக்கியது. பல்கலைக்கழகங்களிற் பாடக் குறிப்புகளையும் ஒப்படைகளையும் கையாண்டது பெரும்பாலும் மூடில் என்னும் கட்டற்ற மென்பொருளே. ஆஸ்திரேலியரான மார்டின் டூகியாமாஸ் அதனை 2002 இல் வெளியிட்டார். நேரடி விரிவுரைகளோ இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாகச் 'சூம்' என்னும் வணிகச் சேவையில் நடைபெற்றன. பிக் புளூ பட்டன், ஜிட்சி முதலிய கட்டற்ற மாற்றுகள் உளவாயினும், பெருந்தொகையினர்க்குக் காணொளி வழங்கத் தேவையான சேவையகங்களை நிறுவி நடத்துதல் தனிச் செலவாகும். நிரல் கட்டற்றதாயினும் மின்சாரமும் பொறியும் கட்டற்றவையல்ல.

பாடசாலை மாணவர் நிலையோ வேறு. 2021 இல் ஊவாவின் மலைக்கிராமங்களில் ஆசிரியரும் மாணவரும் தொலைபேசிச் சமிக்ஞை தேடிக் குன்றும் மரமும் ஏறிய செய்திகள் வெளிவந்தன. அத்தகைய நிலத்தோற்றத்தைக் கொண்ட பன்விலக்கு, இணையம் உண்டு என்று கருதிக்கொள்ளும் மென்பொருளிலும் இணையமின்றி இயங்கும் மென்பொருளே உகந்தது. 2007 இற் சுவிட்சர்லாந்தில் தோன்றிய கீவிக்ஸ், தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒருமுறை இறக்கிச் சேமித்து, இணைப்பில்லாத வகுப்பறையிற் படிக்க உதவுகின்றது. கொலிப்ரி என்பது பாடங்களையும் பயிற்சிகளையும் வகுப்பறையிலுள்ள ஒரே கணினியிலிருந்து ஏனையவற்றுக்கு வழங்குவது. கணிதத்திற்குப் பெரிதும் விரும்பப்படும் ஜியோஜீப்ரா கல்விக்கு விலையின்றிக் கிடைப்பினும், வணிகப் பயன்பாட்டிற்கு வரையறை விதிப்பது. எனவே நமது முதல் அளவுகோலின்படி அதனை முற்றிலும் கட்டற்றது என்று கூறவியலாது. பயன்படுத்துக, ஆயின் வேறுபாட்டை அறிந்து பயன்படுத்துக.

கருவியை வழங்கினாற் போதாது என்பதற்குக் கேரளம் சான்று. 2001 இல் அங்கு தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியபோது, ஆசிரியர் பயிற்சி, பாடநூல், பரீட்சை ஆகிய மூன்றும் அதற்கேற்ப மாற்றப்பட்டன. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் இந்திய அரச நிறுவனமான சீ-டாக் உருவாக்கிய பொஸ் லினக்சும் வின்டோசும் அருகருகே அமைந்தன. இரண்டும் ஒரே பொறியில் இருக்கும்போது, பரீட்சையும் அலுவலகமும் எதனை வேண்டுகின்றனவோ அதனையே மாணவர் திறப்பர். விருப்பு இங்கே தனிமனித விடயமன்று, நிறுவனங்களால் உருவாக்கப்படுவது.

ஆய்வும் நிலப்படமும்

சமூகவியல், பொருளியல் மாணவர் பலர் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளின் உரிமமற்ற படிகளைக் கொண்டு ஆய்வேடு எழுதுவது இரகசியமன்று. சட்டத்தைவிடவும் ஆய்வறம் இங்கு முக்கியம். ஒரு முடிவு எவ்வாறு பெறப்பட்டது என்பதைப் பிறர் மீளச் செய்து பார்த்தல் அறிவியலின் அடிப்படை. நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் ரொஸ் இஹாகா, றொபேட் ஜென்டில்மன் ஆகியோர் உருவாக்கிய ஆர் மொழி அதற்கு வழி செய்கின்றது. பழகுதற்கு எளிமை வேண்டுவோர்க்குப் பி.எஸ்.பி.பி., ஜமோவி என்பன உள.

நிலப்படத்துறையிற் கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளும் 2004 இல் தோன்றிய ஓப்பின் ஸ்ட்ரீட் மப் என்னும் திறந்த நிலப்படமும் இணைந்து வணிக மென்பொருள்களுக்கு நிகராக நிற்கின்றன. மலையகத்திற்கு இஃது உயிர்ப் பிரச்சினை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா சூறாவளியின் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நாடெங்கும் 600 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டங்களுட் கண்டி மிகக் கொடிதாகத் தாக்கப்பட்டது. லயத்துக்கு லயம், பாதைக்குப் பாதை பெயருடன் குறிக்கப்பட்ட நிலப்படம் இருப்பின் மீட்புப் பணி எளிதாகும். தோட்டத்து மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்ற பெயர்களைக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து எவரும் எழுதிவிட முடியாது. அவ்விடங்களை அறிந்தோரே எழுதுதல் வேண்டும். திறந்த நிலப்படம் அதற்கு இடமளிக்கின்றது.

இத்துறையில் இலங்கை உலகுக்கு வழிகாட்டியது என்பதும் நினைவுகூரத் தக்கது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை அடுத்து இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய சஹானா, காணாமற் போனோர், முகாம்கள், நிவாரண வேண்டுகைகள் ஆகியவற்றைப் பதிவு செய்தது. 2005 இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பின்னர்ப் பிலிப்பைன்சு, ஹெயிட்டி அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மைக்கான 2006 ஆம் ஆண்டு விருதையும் பெற்றது. 2020 இன் தொடக்கத்தில், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் சுகாதார மென்பொருளைக் கொவிட் கண்காணிப்புக்கு முதலில் தகவமைத்ததும் இலங்கையே. அவ்வாக்கம் பிற நாடுகளுக்கும் சென்றது. தேவை எழுந்த இடத்திலேயே கருவியை மாற்றும் உரிமை இருந்தமையால் இவை சாத்தியமாயின.

உழைப்பும் உடைமையும்

மேற்போந்த ஒப்பீட்டின் முடிபைத் தொகுத்துக் கூறலாம். இயக்க முறைமை, நூலகம், ஆவணக் காப்பு, புள்ளியியல், நிலப்படம் ஆகியவற்றிற் கட்டற்ற மென்பொருள் இன்று தயக்கமின்றி ஏற்கத்தக்கது. எழுதுதலிற் போதுமானது. தமிழ்ப் பிழைதிருத்தம், பக்க வடிவமைப்பு ஆகியவற்றில் இன்னும் வளர வேண்டியது. பெருந்தொகையினர்க்கான காணொளியில், மென்பொருளைவிட அதனை நடத்தும் வளமே தடையாக உள்ளது.

எனினும் கட்டற்ற மென்பொருளை உடைமை ஒழிந்த உலகின் முன்னோட்டமாக மட்டும் காண்பது எளிமைப்படுத்தலாகும். உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் இம்மென்பொருள்கள்மீதே தம் இலாபத்தைக் கட்டியெழுப்பியுள்ளன. அவற்றைப் பேணுவோரிற் பலர் கூலியின்றி உழைக்கின்றனர். 2024 மார்ச்சில், லினக்ஸ் முறைமைகளிற் பரவலாக அமைந்த எக்ஸ்-இசட் என்னும் சுருக்கக் கருவியில் இரகசியப் பின்கதவு ஒன்று கண்டறியப்பட்டது. களைப்புற்ற தனித் தொண்டரொருவர் பேணிவந்த திட்டத்தில், உதவுவார்போல் நெடுநாள் பழகி நுழைந்த ஒருவர் அதனைப் புகுத்தியிருந்தார். அன்ட்ரெஸ் ஃபிரொயின்ட் என்னும் பொறியியலாளர் நிரலைத் துருவி நோக்கி அதனை வெளிப்படுத்தினார். நிரல் திறந்திருந்தமையால் குற்றம் கண்டறியப்பட்டது. உழைப்பு கவனிப்பாரற்றுக் கிடந்தமையால் குற்றம் நுழைந்தது. இவ்விரு பக்கங்களும் ஒருங்கே கொள்ளத் தக்கன.

தமிழ் நோக்கில் இதன் பொருள் தெளிவு. வணிக நிறுவனங்களும் தமிழ் இடைமுகம் வழங்கியதுண்டு. ஆயின் எதை, எப்போது, எவ்வளவு காலம் வழங்குவது என்பது அவற்றின் முடிபு. கட்டற்ற மென்பொருளில் அம்முடிபு நம்மிடம் உள்ளது. அதனுடன் வேலையும் நம்மிடமே வருகின்றது. 'ஓபின்', 'சேவ்' என்பவற்றுக்கு நல்ல தமிழ் காண்பதும், வழுக்களை அறிவிப்பதும், கைந்நூல் எழுதுவதும் நிரலாக்குநர்க்கு மட்டுமுரிய பணிகள் அல்ல. தமிழ் கற்றோர்க்கும் உரியன. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் விடுமுறைக் காலத்தில் தோட்டப் பாடசாலையொன்றின் கணினிகளை மீட்டெடுத்து, இரண்டு ஆசிரியர்க்கேனும் பராமரிப்பைப் பயிற்றி, அப்பகுதியின் இடப்பெயர்களை நிலப்படத்தில் ஏற்றுவது இயலாத காரியமன்று.

செக்ரோலை எழுதும் அதிகாரம் பன்விலவின் தொழிலாளரிடம் ஒருபோதும் இருந்ததில்லை. அவர்களின் பிள்ளைகள் கையாளும் புதிய ஏட்டிலேனும், கணக்கின் வழியை வாசிக்கவும் வேண்டுமிடத்துத் திருத்தவும் உரிமை இருத்தல் வேண்டும். அவ்வுரிமை உரிமப் பத்திரத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளது. அதனைப் பயன்படுத்தும் ஆற்றலைத் தமிழில் உருவாக்குவதே எஞ்சியுள்ள பணியாகும்.